எதிர்க்கட்சி அங்கிளும் ஒரு பூந்தி லட்டும்

உலகத்தின் எந்த மூலையில் தேர்தல் நடந்தாலும் அதில் தோற்றவர் எங்கள் எதிர்க்கட்சி அங்கிள்தான். அவர் ஓட்டுப் போட்ட ஆள் ஜெயித்ததாக சிட்னியின் ஹரிஸ் பார்க் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் குடியிருந்த அடுக்குமாடியில் குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று வாக்கெடுத்தார்கள். அதிலும் தோற்றார். தொட்டி அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது.

"இருக்கட்டும் ஐசே. மூக்குக்கு முன்னாலை இருந்தாத்தான் எதிர்க்க உற்சாகம் வரும்" என்றார்.

யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார். இளவயதில் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் படிப்பிக்கப் போனவர். எந்த நாடு என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்த நாட்டுக்காரர் யாராவது வந்து "வரலாறு அப்படி இல்லையே" என்பார். அங்கிள் அவரைக் கட்சியை விட்டு நீக்கிவிடுவார். ஆமாம், அந்த நாட்டு எதிர்க்கட்சிக்கு சிட்னியில் ஒரு கிளை இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டத்துக்குக் கதிரை போடுபவர் எல்லாம் அங்கிளே. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. என் அலுவலகமோ பக்கத்துப் பரமட்டாவில். மத்தியானம் ஹரிஸ் பார்க் வரை நடந்துபோய் இனிப்புத் தின்னும் கெட்ட பழக்கம் வேறு. மாட்டிக்கொண்டேன்.

லட்டு இல்லாமல் கட்சி வரலாறு சொல்ல மாட்டார். லட்டு என் செலவு.

"இதுதான் ஐசே, எங்கட கட்சி." லட்டு தட்டின் நடுவில் நிற்கும். "சுதந்திரம் கிடைச்ச கையோடை தொடங்கினது. அது ஆளுங்கட்சி." அது என்னுடைய மைசூர்பாகு. "முதல் தேர்தல், தோல்வி. ரெண்டாவது, தோல்வி. பிறகு ஆர் தலைவர் எண்டு ஒரு பிரச்சினை." லட்டு இரண்டாகும். "இவங்கள் கிராமத்து ஆக்கள். இவங்கள் பட்டணத்து ஆக்கள். பட்டணத்து ஆக்களுக்குள்ளையும் ரெண்டுபேர் கதைக்கிறேல்லை." மூன்றாகும். "இந்தத் துண்டுக்கு ஆளுங்கட்சி மந்திரிப் பதவி குடுத்தது."

"அப்புறம்?"

"துரோகி!" என்று அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொள்வார்.

துரோகிகள் நிறைந்த கட்சி அது. வரலாறு முடியும்போது தட்டில் நாலைந்து பூந்திதான் மிஞ்சும். எழுந்து போகும்போது "ஆட்சி மாற்றம்!" என்று என் மைசூர்பாகையும் தூக்கிக்கொள்வார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இவ்வளவு தோத்த கட்சியை ஏன் அங்கிள் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க?"

அன்றைக்கு மட்டும் லட்டைத் தொடாமல் பேசினார். "வெளிநாட்டு வாத்திமாரை அனுப்பிப்போட வேணும் எண்டு அங்கை ஒருக்கால் சட்டம் கொண்டு வந்தவங்கள். எங்கட ஊரிலை சண்டை. திரும்பிப் போகேலாது. பாராளுமன்றத்திலை எங்கட கட்சிக்கு அப்ப மிஞ்சியிருந்தது ஒரேயொரு ஆள். அந்த மனுசன் எழும்பி நிண்டு 'எதிர்க்கிறன்' எண்டவர். தோத்துப்போனார். நான் பெட்டி கட்டினன். ஆனா எனக்காக ஒருத்தர் எழும்பினவர் ஐசே." பிறகு, "சரி, லட்டுக்குச் சொல்லும்" என்றார்.

இப்படிப்பட்டவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? பொதுக்கூட்டத்தில் தலைவர் "ஏகமனதாக..." என்று வாயெடுப்பார். பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிடும். "எதிர்க்கிறன்!" தேநீர் இடைவேளையைக்கூட எதிர்த்திருக்கிறார். எதிர்த்துவிட்டு, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றும் இருக்கிறார்.

ரொபின் விஷயத்தில் மட்டும் அவர் விளையாடவில்லை. ரொபின் மன்னார்க்காரர். படகில் வந்து, வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் ஹரிஸ் பார்க் கடையொன்றில் கொத்துரொட்டி போடுகிறவர். சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மகளைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வகுப்பு உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். உறுப்பினராக வேண்டுமென்றால் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வேண்டும்.

"தமிழ் படிக்கிறதுக்கு என்னத்துக்கு பி.ஆர்.? தமிழுக்கே இஞ்சை பி.ஆர். இல்லை!" என்று அங்கிள் வருஷாவருஷம் அந்த விதியை நீக்கத் தீர்மானம் கொண்டுவருவார். ஒரு கை உயரும். அது அவருடையது. பக்கத்திலேயே இருக்கும் அன்ரி, அதாவது அவருடைய சொந்த மனைவி, கையைக் கட்டிக்கொண்டு, "வீட்டிலை நான்தான் ஆளுங்கட்சி" என்பார். என் கையில் எப்போதும் சூடான டீ இருக்கும். தூக்கினால் கொட்டும்.

அப்புறம்தான் அந்த விபரீதம் நடந்தது. ஒரு காலையில் போன். "ஐசே, வெண்டிட்டம்!"

அவருடைய ஆப்பிரிக்கக் கட்சி ஜெயித்துவிட்டதாம். ஓடினேன். இனிப்புக் கடையில் அங்கிள் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். தட்டில் லட்டு.

"உடைஞ்சுபோன துண்டெல்லாம் ஒண்டாய் நிண்டவங்கள் ஐசே. ஒருத்தனுக்கு மற்றவனைப் பிடிக்காது. ஆனா ஆளுங்கட்சியை அதைவிடப் பிடிக்காது. வெண்டிட்டாங்கள்."

"சந்தோஷமான விஷயம்தானே அங்கிள்?"

"இனி நான் ஆர்?"

மைசூர்பாகை அவர் பக்கம் நகர்த்தினேன். வேண்டாம் என்றார். பயந்துபோனேன். பழக்கதோஷத்தில் லட்டை உடைத்தார். தின்பதற்குத் துரோகி யாரும் இல்லை. துண்டுகளைக் கூட்டிக் கைக்குள் வைத்து அழுத்தினார். விரித்தால், கொஞ்சம் கோணலாக, லட்டு. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐசே, உமக்குச் சங்கத்திலை என்ன கோவம்?"

"பொங்கல் விழாவுல என் நகைச்சுவைப் பேச்சுக்கு, ஜோக் முடியறதுக்கு முன்னாடி மைக்கை அணைச்சுட்டாங்க."

"ஜோக் நல்லதோ?"

"சுமார்."

"பரவாயில்லை. நீர் இஞ்சாலை வாரும்."

அன்று தொடங்கியது கூட்டணி. பிள்ளைகளின் நடனத்தைக் கடைசியில் போட்டதால் கொதித்துக்கொண்டிருந்த அம்மாக்கள், சர்க்கரை வியாதியோடு வந்து சர்க்கரைப் பொங்கல் மட்டும் கிடைத்த பெரியவர்கள், தலைவர் தன் காரால் தங்கள் கார்களை மறித்த கோபத்தில் மட்டும் ஒத்துப்போகும், மற்றபடி முகம் பாராத இரண்டு மைத்துனர்கள் என்று ஒவ்வொரு பூந்தியாகப் பொறுக்கினார். எல்லோரிடமும் ஒரே பேச்சு: "உங்கட கோவத்தை நான் கூட்டத்திலை எடுத்துக் கதைக்கிறன். ரொபின்ட பிள்ளைக்கு நீங்கள் கை தூக்குங்கோ."

பொதுக்கூட்டம். ரொபின் வேலையிலிருந்து நேரே வந்து, மகளின் கையைப் பிடித்தபடி கதவோரம் நின்றார். கொத்துரொட்டி வாசனை மண்டபத்துக்குள் அவருக்கு முன்னால் வந்துவிட்டது. தீர்மானம் வந்தது. அங்கிள் கை உயர்ந்தது. அம்மாக்கள், பெரியவர்கள், மைத்துனர்கள் ஆளுக்கொரு மூலையில். நான் டீயைக் கீழே வைத்தேன். கடைசியாக அன்ரி.

"என்னப்பா, நீருமோ?" என்றார் அங்கிள்.

"ஆட்சி மாறிட்டுது, பேசாமல் இருங்கோ" என்றார் அன்ரி.

விதி போயிற்று. ரொபின் அந்த இடத்திலேயே உறுப்பினரானார். யாரோ உற்சாகத்தில், "அங்கிளையே தலைவராப் போடுவம்!" என்று கத்த, கைதட்டல் கூரையைத் தூக்கியது. பழைய தலைவரே பெருந்தன்மையாக, "அப்ப ஏகமனதாக..." என்றார்.

கதிரை கிறீச்சிட்டது. "எதிர்க்கிறன்!"

"அங்கிள், உங்களைத்தான் தெரிவு செய்யிறம்!"

"தெரியும். ஆள் சரியில்லை. எனக்குத்தானே தெரியும்."

புது உறுப்பினர் ரொபின் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தவித்தார். அங்கிள் அவர் தோளைத் தொட்டு, "தம்பி, உம்மட முதல் வோட்டு. வடிவாய் எனக்கு எதிராப் போடும்" என்றார். அங்கிள் விடாப்பிடியாக மறுக்க, பழைய தலைவரே நீடித்தார். தோற்ற அங்கிள் பின்வரிசையில் பரம சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டார்.

இந்த வருஷம் அன்ரியும் அவரும் மெல்பேர்னில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள். போனில் குரல் தெம்பாக இருந்தது. "எங்கட ஆக்கள் ஆட்சிக்கு வந்து பிழைவிடத் தொடங்கிட்டாங்கள் ஐசே. அங்கை புதிசா ஒரு எதிர்க்கட்சி வந்திருக்கு. சின்னன்தான். பார்க்க நல்லாயிருக்கு."

போன வாரம் சங்கத்தின் பொதுக்கூட்டம். தேநீர் இடைவேளை பற்றிய தீர்மானம். தலைவர் "ஏகமனதாக..." என்று தொடங்கி, நிறுத்தி, பின்வரிசையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்தக் கதிரை சும்மா இருந்தது.

எனக்கே தெரியாமல் எழுந்துவிட்டேன். "எதிர்க்கிறேன்."

"எதை?" என்றார் தலைவர்.

"அங்கிளை மெல்பேர்னுக்கு விட்டதை."

"ஆமோதிக்கிறன்" என்றது ரொபினின் குரல்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏகமனதாக."