ஐராவதாவின் நான்காவது அழைப்பு

மனிதகுல வரலாற்றில், விற்ற பொருளை நினைத்து இரவும் பகலும் உருகுகிற ஒரே ஜீவன் 'ஐராவதா' கார் கம்பெனிதான். மற்றவர்கள் காசை வாங்கிக் கல்லாவில் போட்டதும் நம் முகத்தையே மறந்துவிடுவார்கள். ஐராவதா மறக்காது. திரும்பத் திரும்பக் கூப்பிடும். அந்தப் பாசத்துக்குப் பெயர் 'ரீகால்'.

காயல்பட்டினம் ரஹ்மத்துன்னிஸா வீட்டுக் காரை இதுவரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டது. விபத்தில் காப்பாற்ற வேண்டிய காற்றுப்பை, விபத்தே இல்லாமல் வெடிக்கலாம் என்று முதல் தடவை. பெட்ரோல் குழாய் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று அடுத்தது. ஓடும்போதே பின்கதவு திறந்து 'காற்றோட்டம்' தரலாம் என்று மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பா லட்டும் 'பாதுகாப்புச் செம்மல்' சான்றிதழும் கொடுத்தார்கள். குறை சொல்ல நாக்கு வருமா?

அன்று காலை ரஹ்மத்துன்னிஸா, நிறைமாத மகள் ஆஃபியாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தார். பன்னிரண்டு மணிக்குள் சேர்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பழையகாயல் தாண்டியதும் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. ஆடு பிழைத்தது ஆட்டின் சாமர்த்தியம்.

உப்பளத்தை ஒட்டியே ஐராவதா சர்வீஸ் சென்டர். முதல் கியரில் ஊர்ந்து உள்ளே நுழைந்தார். அதிகாரி தங்கதுரை டை கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம், இது நாலாவது ரீகால்! பிரேக்! ரெண்டு வருஷமா கூப்பிடுதோம். பதினேழு மெசேஜ் போயிருக்கு."

"எங்களுக்கு ஒண்ணுகூட வரலியே தம்பி."

"உம்மா, அது மச்சானோட பழைய நம்பரு," என்று முனகினாள் ஆஃபியா. "ஜித்தா போனதும் கட்டாயிட்டுல்லா."

காயல்பட்டினத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைக்கும் ஒரு மரியாதை வேண்டாமா என்று காரை மட்டும் ஆஃபியாவின் கணவர் அனஸ் பெயரில் வாங்கியிருந்தார் ரஹ்மத்துன்னிஸா. மரியாதை ஜித்தாவுக்கு வேலைக்குப் போனது; வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் மட்டும் வந்துபோனது. நம்பர் வேறு யாருக்கோ போனது.

"அந்த நம்பருக்கு ஓடிபி வரும் மேடம். அது இல்லாம போல்ட்டைக்கூடத் தொட முடியாது. ரூல்ஸ்."

ஓடிபியை அனுப்பிவிட்டு, அந்த நம்பரையே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார் தங்கதுரை. எடுத்தவர் ஆழ்வார்திருநகரி விவசாயி மாடக்கண்ணு.

"ஓடிபியா? ஏலே, யாரை ஏமாத்தப் பாக்க?"

"அண்ணாச்சி, ஐராவதா கம்பெனியிலேர்ந்து பேசுதேன்..."

"ஓ, நீங்கதானா அது! 'வாகனத்தை ஓட்டாதீர், உயிருக்கு ஆபத்து'ன்னு மெசேஜ் போட்டுக்கிட்டே இருந்தியளே. அன்னைக்கே என் மொபட்டை நிப்பாட்டிட்டேன். ரெண்டு வருஷமா வயலுக்கு நடந்துதான் போறேன்."

நான்காவது அழைப்பால் இந்த மாவட்டத்தில் காப்பாற்றப்பட்ட ஒரே உயிர் அவர்தான்.

"மாமா, நம்பரைச் சொல்லுங்க," என்றாள் ஆஃபியா, பல்லைக் கடித்தபடி. "எனக்கு வலி வந்துட்டு."

"அட, மொதல்லயே சொல்லக்கூடாதாளா! எழுதிக்கோ தாயி. ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்பது."

தங்கதுரை தட்டினார். திரை பச்சையாக மாறியது: 'ரீகால் இனிதே நிறைவுற்றது. சரிபார்த்தவர்: தங்கதுரை.' ஊழியர்கள் கைதட்டினார்கள். லட்டு வந்தது.

"தம்பி, காரை இன்னும் யாரும் தொடவே இல்லியே?"

"பார்ட் வர மூணு மாசம் ஆகும் மேடம்."

"அப்ப எது நிறைவாச்சு?"

"கூப்பிட்டது நிறைவாச்சு. நீங்கதான் வந்துட்டீங்களே!"

"சரி. இப்ப இதை ஓட்டிட்டுப் போலாமா?"

"தாராளமா! சிஸ்டத்துல பச்சை காட்டுதுல்லா?"

ரஹ்மத்துன்னிஸா சாவியை அவரிடம் நீட்டினார். "ஆஸ்பத்திரிக்கு எட்டு கிலோமீட்டர்தான். நீயே ஓட்டு. நானும் புள்ளையும் பின்னால உக்காந்துக்கிடுதோம்."

தங்கதுரை சாவியைப் பார்த்தார். பச்சைத் திரையைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே, துறைமுகத்துக்கு வரிசையாகப் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தார். பிறகு டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, இரண்டு கைகளையும் விரித்து ஓர் ஆட்டோவை மறித்தார்.

பதினொன்றே முக்காலுக்கு ஆஃபியா பத்திரமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐராவதா பாதுகாப்பான கார் என்று கையெழுத்துப் போட்டவரும் பத்திரமாகவே இருந்தார். அவர்தான் அதில் ஏறவில்லையே.