மாறிப்போன பிளாஸ்திரி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் மானம் மட்டும் கொஞ்ச நாளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே?

உங்கள் மருமகளின் இடது கண் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். டாக்டரம்மா சொன்னது இதுதான்: "கண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க. மூளைதான் அந்தக் கண்ணைச் சட்டை பண்ண மாட்டேங்குது. நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடுங்க. சின்ன வயசுலயே சரி பண்ணலைன்னா அப்புறம் கஷ்டம்." நல்ல கண்ணைக் கட்டிப்போட்டுச் சோம்பேறிக் கண்ணை வேலைக்கு அனுப்பும் வைத்தியம்! பள்ளி விட்டதும் பிள்ளை என் சலூனில்தான் இருப்பாள் என்பதால், பிளாஸ்திரி ஒட்டும் பொறுப்பு என் தலையில். ஒட்டினேன். அவள் முனகக்கூட இல்லை. படம் பார்த்தாள், பந்து பிடித்தாள். மகள் புலிக்குட்டி என்று உங்களிடம் போனில் அளந்ததும் அப்போதுதான். பிறகு ஒருநாள் உங்கள் தங்கை கடைக்கு வந்து, "என்னங்க, நல்ல கண்ணைத் தொறந்து விட்டுட்டு மத்ததை மூடி வெச்சிருக்கீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வேன், மச்சான்? காலமெல்லாம் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே பிழைப்பு. நாற்காலியில் இருப்பவரின் வலதுதான் என் வலது. எதிரே நின்று ஒட்டியதில் எல்லாம் இடம் மாறிவிட்டது. "ஏன்டி தங்கம், நீயாவது சொல்லக் கூடாதா?" என்றால், "நல்லாத் தெரிஞ்சுதேப்பா!" என்கிறாள்.

சரியான கண்ணை மூடிய அன்று கடையே ரணகளம். சுவரில் முட்டினாள், நாற்காலியைத் தடவினாள். நான் எதிரேதான் நிற்கிறேன், "அப்பா, உன் மூஞ்சியை எங்கே வெச்சே?" என்றாள். மறுநாளிலிருந்து பிளாஸ்திரியைக் கண்டாலே ஓட்டம். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: நாற்காலியில் உட்காருகிறவர்களும் ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். பேங்க் மேனேஜர் ஒற்றைக் கண்ணோடு சவரம் செய்துகொண்டார். லாரி டிரைவர் மட்டும், "வண்டி ஓட்டும்போது எடுத்துக்கலாமில்ல?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மாதங்கள் ஓடின. முந்தாநாள் மேனேஜருக்கு வேலையை முடித்துத் துண்டை உதறுகிறேன், மூலை பெஞ்சிலிருந்து குரல்: "அப்பா, அந்த மாமா காதுல ஒரு முடி விட்டுட்டே." மூக்குக்கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தால், இருக்கிறது, ஒரே ஒரு நரைமுடி! திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். மூடியிருந்தது நல்ல கண்தான். என் மூஞ்சியைத் தேடிய அதே கண், மச்சான்! மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். மூளை ஒதுக்கி வைத்த ஒரு கண், கேட்டுக் கேட்டுத் தன் பங்கை வாங்கிவிட்டதே என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

இனி நீங்கள் கவலையே பட வேண்டாம். ஒட்டும் கலையில் நான் கைதேர்ந்துவிட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தக் கண் என்று சொல்வேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் இன்னும் திட்டு வாங்கும்
மாப்பிள்ளை

பி.கு.: கடிதம் எழுதி முடித்த பெருமையில் இன்று மறுபடியும் மாற்றி ஒட்டிவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குக் கொண்டாட்டம்தான். "ரொம்ப நல்லாத் தெரியுதுப்பா. அப்போ தப்பு" என்று தானே உரித்து, மற்றக் கண்ணில் ஒட்டிக்கொண்டாள்.