வெள்ளைப் பக்கம் மேலே

ஆசையைத் துறந்த துறவிகள் உலகில் எத்தனையோ பேர். துறவியையே துறந்த பெருமை எண்ணூர் வார்டு இடைத்தேர்தல் வேட்பாளர் ஜெயவேலையே சேரும். அதையும் டீ ஆறுவதற்குள் செய்து முடித்தார்.

பேரொளி சுவாமிகள் மீது இரண்டு பெண்கள் புகார் கொடுத்ததாகக் காலையில் டிவியில் செய்தி. உடனே ‘உயர்மட்ட அவசர ஆலோசனை’ கூடியது.

"யாருப்பா அந்த ஆளு? நான் பாத்ததே இல்ல," என்று தீர்மானம் நிறைவேற்றினார் ஜெயவேல்.

மகளிர் அணிப் பூவம்மா தலையாட்டினாள். தலைவர் ஜெயவேல் கையெழுத்திட்ட சிபாரிசுக் கடிதத்தோடுதான் அவள் மகள் எழில்மொழி சுவாமிகளின் தியான முகாமுக்குப் போனாள். மூன்றாம் நாளே அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அவள் எழுதிய புகார் இன்னும் பூவம்மாவின் பீரோவில் இருக்கிறது. "எலெக்‌ஷன் முடியட்டுங்க்கா, ஸ்டேஷனுக்கு நானே இட்டுகினு போறேன்" என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்குத் தவறாதவர். தேதி மட்டும்தான் சொல்ல மாட்டார்.

ஒரே ஒரு சிக்கல். போன புயலில் குப்பத்துக் கூரைகள் பறந்தபோது, சுவாமிகளின் பிறந்தநாள் ஃபிளெக்ஸ் பேனர்கள் நாற்பதைத் தலைவர் ‘கூரைத் திட்டத்தில்’ வழங்கியிருந்தார். மூங்கில்மேல் இழுத்துக் கட்டினால் அதுதான் கூரை. மேம்பாலத்திலிருந்து பார்த்தால், நாற்பது வீட்டின் மேலும் சுவாமிகளின் காலடியில் தலைவர் உட்கார்ந்து சிரிப்பார்.

"அல்லாத்தையும் கழட்டுக்கா."

பூவம்மா குப்பத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மா இடுப்பில் கை வைத்தாள். "மழ கொட்டிகினு கீது. கழட்டிட்டா உன் தலைவரு வந்து கொட பிடிப்பாரா?"

பூவம்மா போன் செய்தாள். மறுமுனையில் மேதைமை மின்னியது. "திருப்பிப் போடுக்கா! பின்பக்கம் வெள்ளதானே?"

மதியத்துக்குள் நாற்பது கூரைகளும் தூய வெண்மை பெற்றன. கடைசிக் கூரை பூவம்மாவுடையது.

வேலை முடிந்து வந்த எழில்மொழி, பாயில் சாய்ந்தவள், சட்டென்று எழுந்தாள். தலைக்கு நேர் மேலே இரண்டு முகங்களும் அவளைப் பார்த்துச் சிரித்தன.

"எம்மா, இத்த யாரு திருப்பினது?"

"நான்தான்."

அவள் வெளியே போய் மழையில் உட்கார்ந்தாள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. பூவம்மா அந்தப் பாயில் படுத்து, வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டிவிக்காரர்களைத் தலைவரே மேம்பாலத்தில் ஏற்றிக் காட்டிவிட்டு, குப்பத்துக்கு அழைத்து வந்தார்.

"பாத்தீங்களா சார்? ஒரு கூரைலயாவது அந்த ஆளு மூஞ்சி கீதா? பூவம்மாக்கா, நீயே சொல்லு. எனக்கும் அவருக்கும் இன்னா சம்பந்தம்?"

மைக் பூவம்மாவிடம் வந்தது.

"வெளிய நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது சார்," என்றாள். "உள்ள வாங்க. எம் பொண்ணு பட்துக்குற எட்த்துல மல்லாந்து பட்து பாருங்க."