ஆந்தை மரத்து ரிப்பன்

பிராக்கன் ஆறு, டாஸ்மேனியா

மரியாதைக்குரிய டெஸ் மாமாவுக்கு டேகன் எழுதுவது.

எதிர்வீட்டுக்குக் கடிதம் போடுவதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் என்றால் எனக்கு வாய் திறக்காது, உங்களுக்குக் கதவு திறக்காது. முழங்கால் வலி தேவலையா? நோரீன் அத்தை நலமென்று தெரியும். வாலபிக் கங்காருக் கறிப் பாத்திரத்தை என் வாசலில் வைத்துவிட்டு, "நான் வரல, நீ பார்க்கல" என்று சொல்லிப் போகிறார்.

இது சமாதானக் கடிதம் அல்ல. வனத்துறை வேலையாகப் போன இடத்தில் அந்தப் பொந்து மரத்தில் ஆந்தைக் கூட்டைப் பார்த்தேன், இதற்குள் வெட்டக்கூடாது என்று சுற்றிலும் ரிப்பன் கட்டினேன், மரம் வெட்டும் உங்கள் ஆட்களின் மெஷின் ரம்பங்கள் ஓய்ந்தன. "ரிப்பனைக் கொஞ்சம் தள்ளிக் கட்டேன், ஆந்தை என்ன டேப் வெச்சா அளக்கப் போகுது?" என்று கேட்டீர்கள். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று பதில் சொல்கிறேன்: ஆந்தை அளக்காது, நான் அளப்பேன். தள்ளிக் கட்ட மாட்டேன். பேக்கரியில் எல்லார் முன்னாலும், "படிக்க வெச்சது நாங்க, உத்தியோகம் ஆந்தைக்கு" என்றீர்களாம். அன்றிலிருந்து அங்கே எனக்கு நேற்றைய ரொட்டிதான் கிடைக்கிறது. சரி போகட்டும் என்றிருந்தால், காட்டைக் காக்கும் கூட்டத்தார் முட்டையும் வெண்ணெயும் இல்லாத கேக்கோடு வந்து கட்டிப்பிடித்தார்கள், என் முகத்தைப் பதாகையில் வரைந்தார்கள், மூக்கு என்னுடையதே இல்லை, மேற்குச் சரிவுக் காடு என்ன ஆகும் என்று கேட்டார்கள், அதை வெட்டலாம், மாமாவின் ஆட்களுக்குக் குளிர்காலம் முழுக்க அங்கே வேலை இருக்கும் என்றேன், கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கான்பெராவுல மத்திய அரசும் ஹோபார்ட்டுல மாநில அரசும் கையெழுத்துப் போட்ட காட்டு ஒப்பந்தத்துல மரத்தை விட்டுவைக்கவும் சொல்லியிருக்கு, வெட்டவும் சொல்லியிருக்கு. ஆளுக்குப் பாதி படிச்சிட்டு வந்து எங்கிட்ட கத்தினா நான் என்ன பண்றது மாமா? முழுசாப் படிச்சவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான். அதுக்குத்தானே என்னைப் படிக்க அனுப்பினீங்க?

உங்கள் கோடரி மழுங்காதிருக்கட்டும், அத்தையின் அடுப்பு அணையாதிருக்கட்டும்.

இப்போது தரையைப் பார்க்காத,
டேகன்

பி.கு.: சமாதானம் இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். சனிக்கிழமை ஊர்க் கண்காட்சியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டை அறுக்கும் போட்டிக்கு, வழக்கம்போல நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். பேச வேண்டாம். என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். ரம்பத்தை உங்கள் பக்கம் நீங்கள் இழுங்கள், என் பக்கம் நான் இழுக்கிறேன். வந்துவிடுங்கள், மாமா.