முன்சீட்டு மொட்டை

சினிமா பார்ப்பதால் யாரும் கெட்டுப்போவதில்லை. பார்த்துவிட்டு அபிப்ராயம் சொல்வதால்தான் கெட்டுப்போகிறார்கள். இதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம், நான் இருக்கிறேன்.

எங்கள் ஊர் நகரி. வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. நான் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். எல்லையில் இருப்பதால் எங்களுக்கு ஒரு தனிச் சாபம் உண்டு. தமிழில் படம் பார்க்கத் திருத்தணி, தெலுங்கில் பார்க்கத் திருப்பதி. ஒரே படம் இரண்டு மாநிலத்தில், இரண்டு பாஷையில், இரண்டு விதமாகக் கெட்டுப்போயிருப்பதைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குத்தான் வாய்க்கும். நான் ஒன்றையும் விட்டதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நம்பிக்கையோடு உள்ளே போவேன். சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவன் முகத்தோடு வெளியே வருவேன்.

அந்த வருஷம் பார்த்தவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேய்ப்படம். பேய் வருகிறது, சரி. வந்த பேய் யாரையும் பயமுறுத்தாமல், தன் நிலத்தை யார் எப்படி ஏமாற்றி எழுதி வாங்கினார்கள் என்று விலாவாரியாக விளக்குகிறது. (தாசில்தார் ஆபீசில் கொடுக்க வேண்டிய மனுவைத் தியேட்டரில் கொடுத்தால் நாங்கள் என்ன செய்வது?) ஒரு துப்பறியும் படம். பெரிய நடிகர் ஒருவர் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். அத்தனை பெரிய சம்பளக்காரரைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்தானே கொலைகாரர்? போலீசுக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஒரு சண்டைப் படத்தில் நாயகன் ஒரு கிராமத்தையே அடித்துப் போட்டார். சட்டை இஸ்திரி கலையவில்லை. இந்தியா முழுக்க ஓட வேண்டும் என்று எடுத்த இன்னொன்றில், எந்த பாஷையில் பார்த்தாலும் உதடு வேறு பாஷை பேசியது. காதல் படம் ஒன்று முடியவே இல்லை. மீதி அடுத்த பாகத்தில் என்று போட்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். காதலர்களுக்கே சலித்துப்போன காதலுக்கு இரண்டாம் பாகம்!

இவை எல்லாவற்றையும்கூட மன்னித்துவிடுவேன். என்னால் தாங்க முடியாதது குடும்பப் படம். ஒருவர் அழ, அதைப் பார்த்து இன்னொருவர் அழ, கடைசியில் பின்னால் வயலினும் சேர்ந்து அழுகிற படம்.

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் நல்ல பழக்கம் எனக்கில்லை. படம் ஓடும்போதே பக்கத்துக் காதில் ஓதிவிடுவேன். அந்தக் காது பெரும்பாலும் என் அத்தை மகன் சேகருடையது. அவன் வாங்கிக்கொள்வான். மற்றவர்கள் வாங்கிக்கொள்வதில்லை. புத்தூரில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் தம்பி கும்பிடுகிற நாயகனின் புதுப்படத்தைப் பற்றி என் கருத்தைச் சொன்னேன். அவன் எழுந்து வந்து என் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போனான். நான் பாதிதான் குடித்திருந்தேன். சம்பந்தமும் அந்தக் காபியோடு போயிற்று.

அதனால்தான் அடுத்த இடத்துக்குப் போகும்போது அக்கா பஸ்சிலேயே ஓதினாள்: "இங்க பாரு. சினிமான்னு ஒரு வார்த்த உன் வாயிலருந்து வரக்கூடாது. அவங்களா கேட்டா, எல்லாம் சூப்பர்னு சொல்லு. புரியுதா?"

புரிந்தது. பெண் லாவண்யா, சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அப்பா கோவிந்தசாமி, மாங்காய் மண்டி வைத்திருப்பவர். வீட்டில் வைத்துப் பெண் பார்த்து ஒத்துவராவிட்டால் இரண்டு பக்கமும் சங்கடம் என்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி காணிப்பாக்கம் கோயிலில் சந்தித்தோம். லாவண்யாவைப் பார்த்ததும் எனக்கு எல்லாப் படங்களும் மறந்துபோயின. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சேல டிசைன் நீங்களே யோசிப்பீங்களா, பாத்து போடுவீங்களா?" நானே யோசிப்பதாகச் சொன்னேன். "எனக்கு இந்த மாங்கா டிசைன் மட்டும் வேணாம். வீடு பூரா மாங்கா" என்று சிரித்தாள். நான் அங்கேயே காலி.

அப்புறம் அவள் அப்பா என்னைக் குளத்தங்கரைக்கு நகர்த்திக்கொண்டு போனார். மை போட்ட முடி, தலை கொள்ளாமல், காதை மூடிக்கொண்டு நின்றது. அவரைப் பற்றி எனக்கு நினைவிருந்ததெல்லாம் அந்த முடிதான். பின்னால் நடந்ததற்கு அதுவே காரணம்.

"சினிமா பாக்கற பழக்கம் கீதுங்களா தம்பி?"

"பாப்பேன் மாமா."

"எந்த மாதிரி படம் புடிக்கும்?"

தூரத்தில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடும்பப் படம்தான் மாமா. கண்ணுல தண்ணி வரணும்" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நானும் அப்பிடித்தான் தம்பி! இப்ப ஒரு படம் வந்துக்கீது பாருங்க, அப்பா பொண்ணு கத. ரெண்டு தரம் பாத்துட்டேன். ரெண்டு தரமும் துண்டு நனஞ்சி போச்சி."

காணிப்பாக்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சித்தூர்ப் பக்கம் பாகத் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடிகாரக் கணவன், எதுவானாலும் கடைசி முடிவு அங்கேதான். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். போயும் போயும் அந்தக் குளத்தங்கரையில் நின்றுகொண்டு நான் குடும்பப் படத்துக்கு அழுவதாகச் சொல்லியிருந்தேன்.

அவர் அப்போதே திட்டம் போட்டுவிட்டார். மாங்காய் சீசன் முடிந்ததும் அவர் குடும்பத்தோடு திருமலைக்குப் போகிற வழக்கம். நாங்களும் அன்றைக்கே தரிசனம் செய்துவிட்டுக் கீழே இறங்கி வந்தால், திருப்பதியில் அந்தப் படத்தை எல்லோரும் ஒன்றாகப் பார்க்கலாம். படம் முடிந்த கையோடு பூ, பழம் மாற்றி, நிச்சயத்துக்கு நாள் குறித்துவிடலாம். கூட வந்திருந்த என் நைனா (அப்பாதான்) மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

அந்த நாளும் வந்தது. அவர்கள் முன்னாலேயே மலை ஏறிவிட்டதால் மேலே நாங்கள் சந்தித்துக்கொள்ளவில்லை. சேகர் ஏதோ அரியர் பேப்பர் பாஸானதற்கு மொட்டை போட்டுக்கொண்டான். கீழே வந்ததும் மற்றவர்களைத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டு, தட்டில் வைக்கப் பூவும் பழமும் வாங்க அக்கா என்னை அனுப்பினாள். திருப்பதியில் பூ வாங்குவது சாதாரண விஷயமில்லை. நான் பையோடு தியேட்டர் வாசலுக்கு வந்தபோது படம் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. சேகருக்குப் போன் செய்தேன்.

"எனக்கு நேர் பின்னால உன் சீட்டு. ஓரத்து சீட்டு. என் மொட்டைய பாத்து வந்து உக்காரு" என்று கிசுகிசுத்தான்.

திருப்பதித் தியேட்டரில் மொட்டையை அடையாளமாகச் சொல்கிறான் ஒருவன். அதைக் கேட்டு நடக்கிறான் இன்னொருவன். இந்த இரண்டு அறிவாளிகளும் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள்.

உள்ளே கும்மிருட்டு. ஓரத்தில் ஒரு காலி சீட்டு, அதற்கு நேர் முன்னால் சந்தனம் பூசிய மொட்டை. உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாதது இதுதான்: என் போன் முடிந்ததும், புதுமொட்டையில் ஏ.சி. காற்று அடித்துத் தாங்க முடியாமல் கோவிந்தசாமி மாமா நெளிந்திருக்கிறார். சேகர் மரியாதையாக எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு நான்கு சீட்டு தள்ளிப் போய்விட்டான். அந்தப் பெரிய முடியை ஏழுமலையான் வாங்கிக்கொண்ட செய்தியும் எனக்கு வந்து சேரவில்லை.

திரையில் மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பா அழுதார். அம்மா, அண்ணன், சமையற்காரர் வரிசையாக அழுதார்கள். பிறகு கேமரா மாட்டுக்கொட்டகைக்குப் போனது. அங்கே மாடும் அழுதது.

நான் முன்னால் குனிந்தேன். "டேய், மாட்டுக்கு கூட கிளிசரின் போட்டுக்கினு கீறாங்கடா."

மொட்டை திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறான்! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சீக்கிரம் வண்டி ஏறும்மா. பஸ்சு போயிடப் போவுது."

தோள் இன்னும் குலுங்கியது.

"எடிட்டரு தூங்கிக்கினு இருந்தானா? கத்திரி இல்லன்னா எங்க வீட்ல நூலு வெட்ற கத்திரி கீது, எடுத்துக்கினு போவ சொல்லுடா."

இப்போது மொட்டை முழுவதுமே ஆடியது. இப்படி ஒரு ரசிகன் கிடைத்தால் எந்தக் கலைஞன் நிறுத்துவான்?

"இந்தக் காவியத்த பாத்து அந்த மண்டிக்காரரு ரெண்டு தரம் அழுதாராம்டா. மாங்கா வித்து வித்து மண்ட மரத்துப் போச்சி போல. சத்தியமா சொல்றேன், அந்தப் பொண்ணுக்காகத்தான் உக்காந்துக்கினு கீறேன். இல்லன்னா இந்நேரம் நகரிக்கு பஸ்சு ஏறியிருப்பேன்." பிறகு உரிமையோடு மொட்டையில் ஒரு குட்டு வைத்தேன். "போதும்டா சிரிச்சது."

இடைவேளை. விளக்குகள் எரிந்தன.

மொட்டை திரும்பியது. மீசையும் இல்லை. கண்கள் சிவந்து, கன்னமெல்லாம் ஈரம். அந்த மனிதர் சிரிக்கவே இல்லை. தன் பெண்ணைக் கட்டிக் கொடுக்கப்போவதை நினைத்து அவ்வளவு நேரமும் விசும்பி அழுதிருக்கிறார். முகம் யாருடையது என்று எனக்குப் புரிவதற்குள், நான்கு சீட்டு தள்ளி சேகரின் மொட்டை எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையாட்டியது. என் விரல் முட்டியில் சந்தனம் ஒட்டியிருந்தது. எங்கே துடைப்பது என்று தெரியாமல் பூப் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன். பூமி பிளந்தால் தேவலை என்று எழுதுவார்கள். நான் தியேட்டர் தரையைப் பார்த்தேன், சிமெண்ட் கெட்டியாகப் போட்டிருந்தார்கள்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்கார்ன் துன்றீங்களா தம்பி?" என்றார்.

"வேணாம் மாமா."

"முன்னால வந்து உக்காருங்க. பின்னாலருந்து பேசினா சில வார்த்த சரியா கேக்கல."

இரண்டாம் பாதி முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "இது எப்பிடி தம்பி?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் நான், "நல்லா கீது மாமா" என்றேன். என் வாழ்க்கையில் நிஜமாகவே பயந்து பார்த்த பேய்ப்படம் அது ஒன்றுதான்.

படம் முடிந்ததும் நாள் குறிக்கிற பேச்சே எழவில்லை. அவர் என் நைனாவிடம், "யோசிச்சி சொல்றோம்" என்றார். லட்டை மட்டும் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்கள். லாவண்யா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பஸ்சில் அக்கா தனியாக வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். சேகர், "நான் மொட்டன்னு தான்டா சொன்னேன், எந்த மொட்டன்னு நீதான் பாத்திருக்கணும்" என்றான். பூ பையிலேயே வாடியது. லாவண்யா இல்லாமல் என்ன செய்யப் போகிறேன் என்று உண்மையாகவே தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் படத்துக்குப் போகவில்லை. வீட்டில் பயந்துவிட்டார்கள்.

பிறகு லாவண்யாவே போன் செய்தாள்.

"எங்க நைனாவுக்கு நீங்க குட்டனது கூட கோவம் இல்ல. காணிப்பாக்கத்துல நின்னுக்கினு பொய் சொன்னீங்களே, அதான் ஆறல. நாயித்துக்கெழம அங்க வாங்க. முழுகிட்டு நெசத்த சொல்லுங்க. அப்புறம் அவரு இஷ்டம்."

"உன் இஷ்டம்?" என்று கேட்டேன்.

"மாடு அழுததுக்கு நானும் சிரிச்சேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, சொத்துத் தகராறுக்கு வந்த அண்ணன் தம்பிகளுக்கு நடுவே நானும் குளத்தில் முழுகி எழுந்தேன். சொட்டச் சொட்ட நின்றேன். மாமா எதிரே நின்றார். தலையில் அரிசி முளைத்தாற்போல் முடி வர ஆரம்பித்திருந்தது.

"அந்தப் படம் எப்பிடி?"

"இழுவ மாமா."

"ரெண்டாவது பாதி?"

"அதவிட இழுவ."

"குடும்பப் படத்துக்கு அழுவியா?"

"அழுததில்ல மாமா. அழவும் மாட்டேன். இது சத்தியம்."

பக்கத்திலிருந்த அண்ணன் தம்பிகள் தங்கள் தகராறை மறந்து எங்களையே பார்த்தார்கள். மாமா அவர்களுக்குக் கேட்காதபடி இன்னும் கிட்டே வந்தார்.

"எம் பொண்ணுக்காகத்தான் உக்காந்துக்கினு கீறேன்னியே தியேட்டர்ல. அது?"

"அதுவும் நெசம் மாமா."

"சரே" என்றார் தெலுங்கில். துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "தலய தொவட்டு. சளி புடிச்சிக்கப் போவுது."

கல்யாணம் நடந்தது. எல்லாம் முடிந்து லாவண்யா கிளம்பும் நேரம். மாமா கல்லாக நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவள் அவர் கிட்டே போய், புதிதாக வளர்ந்திருந்த அந்த முடியைக் கையால் ஒதுக்கிச் சரி செய்தாள். அவ்வளவுதான். எனக்குள் என்ன உடைந்ததென்று தெரியவில்லை, நான் அழ ஆரம்பித்தேன். கொஞ்சநஞ்ச அழுகை இல்லை. மூக்கொழுக, விக்கி விக்கி, மாலை குலுங்க. பெண் வீட்டார் அழ மறந்து என்னை வேடிக்கை பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"இன்னா மாப்ள," என்றார் மாமா, "நூலு வெட்ற கத்திரி எங்க?"

கல்யாண வீடியோக்காரர் அந்தப் பகுதி ரொம்ப நீளம், குறைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். ஒரு நொடிகூடக் குறைக்கக் கூடாது என்று சொன்னது மாமாதான். இன்றைக்கும் சித்தூர் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும், "வாங்க, ஒரு குடும்பப் படம் பாக்கலாம்" என்று டி.வி.யில் அதைத்தான் போடுகிறார். மகாமட்டமான படம். கதை இல்லை, நாயகன் நடிப்பு மிகை, முடிவு ஊருக்கே தெரியும். ஆனால் இது என் படம் என்பதால் வாய் திறக்க முடியவில்லை. நான் சோபாவுக்குப் பின்னால் நிற்பேன். மாமா முன்னால் உட்கார்ந்திருப்பார். லாவண்யா அவர் முடியை ஒதுக்குகிற இடம் வந்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பிக்கும். அது சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து பார்க்கிற எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.