இத்துடன் பால் பம்ப்பை அனுப்புகிறேன்

முடிச்சூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்.

கர்த்தருக்குள் பிரியமான நாத்தனார் ஹெப்சிக்கு, அண்ணி பிளஸ்ஸி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் ஜெபசீலனும் குழந்தை ஆபேலும் சுகம். அங்கே நீயும் வயிற்றிலிருப்பதும் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். தலைப்பிரசவத்துக்குப் பாளையங்கோட்டை போனதிலிருந்து உன் போனில் வருவதை அத்தைதான் முதலில் படிக்கிறார்கள் என்பதால் இதைக் காகிதத்தில் எழுதி, பம்ப்போடு பெட்டியில் வைக்கிறேன்.

"வேலைக்கும் போய்க்கிட்டு எப்படி அண்ணி தாய்ப்பால் கொடுக்கிறீங்க? எனக்கும் சொல்லித் தாங்க" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். நான் பம்ப் செய்வதை நிறுத்திவிட்டேன். இனி இது உனக்கு. மார்பில் வைக்கும் புனலும் குழாயும் மட்டும் புதிதாக வாங்கிக்கொள். புனல் உன் அளவுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் காம்பு புண்ணாகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பிள்ளை குடிக்கும் நேரத்துக்கெல்லாம் நீயும் எடு. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். விட்டுவிட்டால் உடம்பு கடையைச் சாத்திவிடும். அமைதியான இடத்தில் உட்கார்ந்து பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கணும் என்றார் டாக்டரம்மா. அந்த அமைதியான இடம் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காட்டாங்குளத்தூரையும் தாண்டி நான் பாடம் நடத்தும் கல்லூரியில் 'தாய்மார்கள் அறை' என்று ஒன்று உண்டு. ரிப்பன் வெட்டித் திறந்தது. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சாவி பிரின்சிபால் டிராயரில். கேட்டால், "இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வந்து பாக்கற வரைக்கும் அழுக்காகக் கூடாது மேடம்" என்றார். அதனால் பெண்கள் கழிவறைக்குப் போனேன். நாற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆபேல் சிரிக்கிற வீடியோவைப் பார்ப்பேன். நாலு சொட்டு வரும். அதற்குள் கதவு தட்டப்படும். "பிளஸ்ஸி, ரொம்ப நேரமா உள்ளயே கீறியே, வயிறு சரியில்லையா?" இயற்பியல் தீபா. வந்த பால் நின்றுவிடும். "ஆமாப்பா" என்றேன். மறுநாள் என் மேசையில் ஓமவாட்டர் பாட்டில். டிபார்ட்மெண்ட் முழுக்க எனக்கு மோர்சாதம் சிபாரிசு. பேதி என்று சொல்ல எனக்கு வெட்கமாயில்லை, ஹெப்சி. பிள்ளைக்குப் பால் எடுக்கிறேன் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. எதற்கு வெட்கப்படணும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை நிற்கவைத்துக் கேட்கணும்.

இப்படியே ஒரு மாதம். பால் குறைந்துகொண்டே வந்தது. போன வாரம் கமிட்டி வந்தது. பிரின்சிபால் கூப்பிட்டு, "நம்ம காலேஜ்லயே நீங்க ஒருத்தர்தான் குழந்தைக்கு ஃபீட் பண்ற மதர். அந்த ரூம்ல சும்மா உட்காருங்க போதும்" என்றார். "அப்ப பம்ப்பை எடுத்துட்டு வரேன் சார்." "ஐயையோ! அதெல்லாம் வேணாம். பாக்க ஒரு மாதிரி இருக்கும்." துவாலையில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பொம்மையை மடியில் வைத்தார்கள். காலையிலிருந்து பால் எடுக்கவில்லை, மார்பு கல்லாய்க் கனக்கிறது. கமிட்டியார் வரிசையாக வந்தார்கள். டை கட்டிய ஒருவர் விளையாட்டாகப் பொம்மையின் வயிற்றை அமுக்கினார். அது குவா குவா என்று அழுதது. அவ்வளவுதான். கழிவறையில் கெஞ்சியும் வராத பால் ரவிக்கையை நனைத்து, முந்தானையை நனைத்து, பிளாஸ்டிக் உறைமேல் சொட்டியது. ஆண்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கூட வந்த அம்மாள் மட்டும் 'அறை நன்கு பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார். அவர்கள் போனதும், "சூப்பர் மேடம், ரொம்ப நேச்சுரலா இருந்துச்சு!" என்று சொல்லிவிட்டு அறையைப் பூட்டினார் பிரின்சிபால்.

ஈரத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டு தாம்பரம் பஸ்ஸில் நின்றே வந்தேன். வைத்துவிட்டுப் போன பால் பத்தாமல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் என் அம்மா பால்பவுடர் கலக்கிக் கொடுத்திருந்தார்கள். ஆபேல் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். பவுடர் ஒன்றும் பாவமில்லை, அதில் நன்றாகவே வளர்வான். நிறுத்துவதென்றால் நானும் அவனும் நிறுத்தியிருக்கணும். ஒரு சாவி நிறுத்திவிட்டது. அதுதான் ஆறவில்லை. பொம்மைக்குக் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு இல்லாமல் வந்து நின்றேன், ஹெப்சி. போதும்.

ஆண்டவர் உனக்குச் சுகப்பிரசவம் தந்து, தாயையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. அத்தைக்கு என் ஸ்தோத்திரம். படித்ததும் கிழித்துவிடு.

உன் அண்ணி,
பிளஸ்ஸி

பின்குறிப்பு: செவ்வாய் மாலை. பெட்டியில் பம்ப்பைத் தேடாதே, திரும்ப எடுத்துக்கொண்டேன். நேற்றுக் காலை அக்கவுண்ட்ஸ் கோகிலவாணி என்னை ஓரமாக இழுத்தாள். "மேடம், நானும்தான். என் பாப்பாவுக்காகக் கடைசி டாய்லெட்ல எடுத்துகினு இருந்தேன். யாருக்கும் தெரியாது. அன்னிக்கு நீங்க நனைஞ்சு வெளிய வந்ததைப் பாத்து அழுதுட்டேன்." கமிட்டிக்கு முந்தின நாள் அறையைத் துடைக்கச் சொல்லி இவளிடம்தான் சாவியைக் கொடுத்தார்களாம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டூப்ளிகேட் போட்டு வைத்திருக்கிறாள். தீபாவிடம் உண்மையைச் சொன்னேன். ஓமவாட்டரைத் திருப்பிக் கேட்டாள். இப்போது நாங்கள் அந்த அறையைத் திறந்து உட்கார்ந்தால் அவள்தான் வாசலில் காவல். யார் கேட்டாலும் "உள்ள ரெண்டு பேருக்கு வயிறு சரியில்ல சார்" என்கிறாள். சோபா உறையைக் கிழித்துப் போட்டோம். இருவர் உட்கார இடம் பத்தவில்லை என்பதால் பொம்மையையும் எடுத்துவிட்டோம். பெட்டியில் பம்ப்புக்குப் பதிலாக இருப்பது அதுதான். உன் பிள்ளைக்கு விளையாட ஆகும். வயிற்றை மட்டும் அமுக்காதே.