ஆட்சேபணை இருப்பின் இருபத்தொரு நாளுக்குள்

நெருப்புக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் ரப்பர் முத்திரைதான் என்பது கண்காணிப்பாளரின் தீர்க்கமான முடிவு. முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்டவர், மகளின் கல்யாணத்தை எங்கோ ஒரு வெப்ப நாட்டுக் கடற்கரையில் நடத்துவதென்று 'தீர்மானம் நிறைவேற்றினார்'.

மடிக்கணினியும் கையுமாக வந்த கல்யாண ஏற்பாட்டுக்காரி பதமாகத்தான் சொன்னாள்: "சார், எல்லாரும் இங்கயே ரிஜிஸ்டர் பண்ணிட்டு, அங்க போய் போட்டோவுக்கு மோதிரம் மாத்திக்குவாங்க. அதான் சுலபம்."

"போட்டோவுக்குக் கல்யாணம் பண்ற குடும்பமா இது? அந்த நாட்டு மண்ணுல, அந்த நாட்டுச் சட்டப்படி நடக்கணும்."

"அதுக்குப் பதினேழு சான்றிதழ் வேணும் சார்."

அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை மனைவி தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மேசை அலுவலகமாயிற்று. தினமும் காலை பத்து மணிக்கு 'ஆய்வுக் கூட்டம்'. மாப்பிள்ளைத் தேர்வும் அங்கேதான் நடந்தது. முதல் வரன் தங்கமான பையன். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. நிராகரிக்கப்பட்டான். இரண்டாமவனுக்கு எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒன்றுபோல இருந்தது. "பையனோட கோப்பு சுத்தம்" என்று கண்காணிப்பாளர் கண்கலங்கினார். அவன் மகளோடு இரண்டு முறை கைப்பேசியில் பேசினான். இரண்டு முறையும் தன் கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று மட்டும் சொன்னான்.

"அப்பா, எனக்கு அவரைப் பிடிக்கல" என்றாள் மகள்.

"அது 'இதர விஷயங்கள்'ல வரும். கடைசியா எடுத்துக்கலாம்."

இதர விஷயங்கள் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை சொன்னபோது, "சரிம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று 'மணமாகாதவர்' உறுதிமொழியை நீட்டினார். மூன்றாம் முறை, "நகல் எடுத்துட்டு வந்துடறேம்மா" என்று கிளம்பிவிட்டார். நான்காம் முறை கொஞ்சம் கோபம் வந்துவிட்டது.

"எதா இருந்தாலும் எழுத்துல குடும்மா. வாய் வார்த்தைக்கு என்ன ஆதாரம்?"

"இவர்கிட்ட பேசுறதுக்குச் செவுத்துல முட்டிக்கலாம்" என்று மனைவி எழுந்து போனாள். கூட்டக் குறிப்பில் அது 'ஏகமனதான ஒப்புதல்' என்று பதிவாயிற்று.

பதினேழும் வந்து சேர்ந்தன. அந்த நாட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்பும் ஒட்டினார்கள்: இத்திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்கலாம். "சும்மா சம்பிரதாயம்" என்று சிரித்துக்கொண்டே விமான டிக்கெட் எடுத்தார் கண்காணிப்பாளர்.

இருபத்தோராம் நாள் பதிவாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓர் ஆட்சேபணை. அனுப்பியவர், மணமகள்.

அவர் அதை அச்செடுத்து, மேசையில் பரப்பி, சிவப்புப் பேனாவைத் திறந்தார். தேதி சரி. நோட்டரி முத்திரை சரி. மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டிருந்தது. முதல் சாட்சி, மனைவி. இரண்டாம் சாட்சி, கல்யாண ஏற்பாட்டுக்காரி. சிவப்புப் பேனா சும்மாவே இருந்தது.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அவர் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது.

"நாலு தடவ சொன்னேம்ப்பா. மூணாவது இணைப்பைப் பாருங்க."

பார்த்தார். நான்கு தேதிகள், நேரத்தோடு. எதிரே அவர் சொன்ன நான்கு பதில்கள், ஒரு சொல் மாறாமல்.

கடைசிப் பக்கத்தில், 'இத்திருமணத்துக்கு வற்புறுத்துபவர்' என்றொரு கட்டம். அதிலாவது ஓர் எழுத்துப் பிழை இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாமே என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிழையே இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியலோடு, அவருடைய பெயர்தான் இருந்தது.